கல் மாதிரி இறங்கிய துளி

ஜூன் 14, சனி

இந்த டைரி ஒரு டயர் கடை அப்பாவுக்குக் கொடுத்த அன்பளிப்பு. ஜனவரி ஒன்றாம் தேதிப் பக்கத்தில் ‘பிள்ளையார் துணை’ என்று எழுதியதோடு அப்பா நிறுத்திக்கொண்டார். பிள்ளையார் ஐந்தரை மாதமாகத் துணையில்லாமல் இருக்கிறார். அதனால் நான் வந்துவிட்டேன்.

என் பெயர் மௌனிகா. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அப்போது நான் பேச ஆரம்பித்திருக்கவில்லை. ஊர் திருச்செங்கோடு. பதினொன்றாம் வகுப்புக்கு ஈரோட்டுக்குப் போகிறேன், அப்பா ஓட்டும் பஸ்ஸிலேயே. தனியார் பஸ்தான், ஆனால் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. காலையில் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும் நேரம்தான் அதன் பெயர்: ‘ஏழேகால் வண்டி’.

இன்று கல்யாண மண்டபத்தில் ரத்த தான முகாம். அப்பா சென்னியப்பனின் ரத்தம் பி நெகட்டிவ், லேசில் கிடைக்காத வகை. சுற்று வட்டாரத்தில் யாருக்கு அது தேவைப்பட்டாலும் முதல் போன் அப்பாவுக்குத்தான் வரும். இன்று கொடுத்தது நாற்பத்தாறாவது தடவை. ஐம்பது ஆனால் ரத்த தானச் சங்கத்தில் மேடையேற்றிச் சால்வை போடுவார்கள். அப்பாவுக்கு அந்தச் சால்வை மீது ஒரு கண். ஊட்டிக்கே சால்வை இல்லாமல் போய் நடுங்கி வந்த மனிதர் அவர்.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரில் விடுகிறார்கள். சொட்டு மூழ்கினால் ரத்தம் போதும். மிதந்தால் போதாது, வீட்டுக்குப் போகலாம். அப்பாவுக்கு முன்னால் நின்ற அக்காவின் சொட்டு நடுவிலேயே மிதந்து, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த பெண் மாதிரி தயங்கியது. அப்பாவுடையது அடியில் போய் உட்கார்ந்ததை நான் கண் சிமிட்டியதில் பார்க்கவே இல்லை.

“கல்லு மாதிரி எறங்குதுங்ண்ணா! என்னதான் சாப்பிடறீங்க?” என்றார் சோதனை செய்த அண்ணன்.

“பொண்டாட்டிகிட்டத் திட்டு. மூணு வேளையும்.”

அந்தத் தண்ணீருக்கு மூழ்கியதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு வேகமாக மூழ்கியது என்பதற்கு மார்க் கிடையாது. இருந்தால் அப்பா மாநில முதலிடம்.

மூன்று வாரமாக அப்பாவுக்கு இருந்த தலைவலி ரத்தம் கொடுத்ததும் போய்விட்டது. “குடுத்தா தலை லேசாயிருது அம்மிணி. புண்ணியம்ங்கறது இதுதான்” என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவுக்குத் தலைவலி இல்லை. எனக்குக் கணக்கு டியூஷன். தலைவலி வீட்டை விட்டு வெளியே போவதில்லை போலிருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

என் கலையைப் பற்றி இங்கே எழுதி வைக்க வேண்டும், பின்னால் வரலாற்று ஆசிரியர்களுக்குப் பயன்படும். எனக்கு ஒன்பது குரல்கள் வரும். கரண்ட் ஆபீஸ் அதிகாரி, ரேஷன் கடை அம்மா, பஸ் முதலாளியின் மச்சான் எல்லாம் அதில் அடக்கம். தோழி பிரதிக்ஷாவின் போனிலோ அவள் சித்தியின் போனிலோ அப்பாவைக் கூப்பிடுவேன். அவர் மூன்றாவது வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தாலும் கடைசி வரை கூடவே நடிப்பார். பொழுதோட, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்து பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவார்.

இன்று ரத்த வங்கி நர்ஸ் குரல். “சார், நீங்க குடுத்த ரத்தத்துல டீசல் வாசம் வருது. அதை ஏத்துன பேஷண்ட் காலையிலிருந்து ஹாரன் அடிச்சுட்டே இருக்கார்” என்றேன்.

“கியர் மாத்திப் பாருங் மேடம்” என்றார் அப்பா.

ஏழு மார்க். மூச்சை அடக்கிப் பேசினால் இன்னும் வருமாம்.

ஜூலை 19, சனி

தலைவலி திரும்ப வந்துவிட்டது. காதுக்குள் ரைஸ்மில் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சலும் இருக்கிறதாம்.

கண் வேறு சிவந்து கிடக்கிறது. பஸ் முதலாளியின் மச்சான் இன்று காலை ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும், “ஊது பாக்கலாம்” என்று அப்பாவைத் தன் மூக்கில் ஊதச் சொன்னாராம். அப்பா வாழ்க்கையில் குடித்த ஒரே சரக்கு இருமல் மருந்து. ஊதினார். மச்சானுக்கு மிஞ்சியது பூண்டு வாசம்.

அம்மா கோகிலாமணியும் விடவில்லை. சட்டையை வாங்கித் துவைக்கப் போடுகிற சாக்கில் மோந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

“ஏனுங்க, நெசமாவே ஒண்ணுமில்லீங்களே?”

“என்னடி, நீயுமா?”

அப்பா பேச்சை விட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். அவர் உள்ளங்கை இரண்டும் மருதாணி வைத்தது போலிருந்தன. “கல்யாணப் பொண்ணு கை மாதிரி இருக்குங்ப்பா” என்றேன். அப்பா கறுப்பு. கறுப்பில் உள்ளிருந்து சிவப்பு ஏறினால் விளக்கி வைத்த செம்புக்குடம் போல் ஆகிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஈரோட்டில் ஒரு ரத்த வங்கி. நாற்பத்தேழாவது.

போன தடவை கொடுத்து ஐம்பது நாள்தான் ஆகிறது. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்குத் தலை பொறுக்கவில்லை. திருச்செங்கோட்டில் தெரிந்த முகங்கள், ஈரோட்டில் யார் கேட்கப் போகிறார்கள்? படிவத்தை நான்தான் நிரப்பினேன், அப்பாவுக்கு எழுத்து மங்கலாகத் தெரிகிறதாம்.

“கடைசியா எப்பக் குடுத்தீங்கன்னு கேக்குதுங்ப்பா.”

“மார்ச்சுன்னு போடு அம்மிணி.”

“தலைவலி இருக்கான்னு கேக்குது.”

“இருந்தா அவிங்க எடுக்க மாட்டாங்க. எடுத்தாத்தான் அது போகும். இல்லைன்னு போடு.”

பதினெட்டுக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். என் படிப்பில் நான் எழுதிய ஒரே தப்பில்லாத தேர்வு என்று அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். சிரிக்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

இங்கேயும் அதே நீலத் தண்ணீர், அதே கல். இங்கே கூடுதலாக ஒரு சின்னக் குழாயிலும் ரத்தம் பிடித்து, மெஷினுக்குப் போகும் என்று தனியாக வைத்தார்கள். பைக்குள் ரத்தம் சொட்டுவதற்கே சலித்துக்கொண்டது. நன்னாரி சர்பத் நிறம். நர்ஸ் அக்கா பையை ஆட்டிப் பார்த்து, “கெட்டியா இருக்கே” என்றார். அப்பா பெருமையாக என்னைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் தலைவலி போய்விட்டது. அப்பா விசிலடித்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அப்பா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “பத்துக்குப் பத்தரை!” என்று கத்தினார்.

“என்னங்ப்பா?”

“என்னவாம்! என்னமா பேசுனே இன்னைக்கு! ‘சார், உங்க ஹீமோகுளோபின் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, இனிமேல் ரத்தம் குடுக்காதீங்க, சீக்கிரமா ஒரு டாக்டரைப் பாருங்க’ன்னு. ஒரு இடத்துலகூடச் சிரிக்கலையே நீயி! நானும், ‘ஜாஸ்தி இருந்தா ரெண்டு லிட்டர் பார்சல் கட்டி அனுப்பட்டுங்களா மேடம்’னு கேட்டேன். அப்ப ஒரு கோவம் வந்துது பாரு உனக்கு, அதுதான் நடிப்பு. வண்டி எடுக்கற நேரத்துல கூப்பிட்டதுக்குத் தண்டனையா அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டேன், ஆமா.”

இன்று எனக்கு வேதியியல் தேர்வு. போனைத் தொடவே இல்லை.

அம்மாவும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது! பத்தரை மார்க் இதுவரை யாருக்கும் போட்டதில்லை. நான் எழுந்து, இடுப்பை வளைத்து, மேடையில் செய்வதுபோல் வணக்கம் வைத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பிரதிக்ஷாவைக் கேட்டேன். நேற்று அப்பாவைக் கூப்பிட்டது அவள் இல்லையாம். அவள் சித்தியும் இல்லை.

சரி, வேறு யாராவது இருக்கும். அப்பாவுக்கு ஊரெல்லாம் சிநேகிதர்கள். மழை பெய்கிறது. துணி காயவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாமா வீட்டில் காதுகுத்து. வந்திருந்த ஒறம்பரை சனம் முழுக்க அப்பாவைத்தான் பார்த்தது.

“ஏனுங் மாப்ள, வர வர மொகத்துல களை கூடிட்டே போவுது? என்னத்தைச் சாப்பிடறீங்க?” என்று பெரியத்தை கேட்டாள். “ரத்தம் ஊறிக் கெடக்குது, பாத்தாலே தெரியுது” என்று இன்னொருத்தி சொன்னாள். அம்மா பூரித்துப்போய் பீட்ரூட் பொரியல், முருங்கைக்கீரை சூப், மாதுளம்பழம் என்று தன் வைத்திய ரகசியங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து விட்டாள்.

அந்தக் களையான மனிதருக்கு இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. காலையில் அவர் பெல்ட்டில் காம்பஸ் ஊசியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தது நான். பழைய ஓட்டையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி.

சாப்பிடும்போது ஒரு விஷயம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கறிக்குழம்பு உள்ளே போனது. அது நல்ல கறிக்குழம்பு.

செப்டம்பர் 12, வெள்ளி

இதை வரிசையாக எழுதப் போகிறேன்.

ஏழேகால் வண்டி ஏழேகாலுக்குக் கிளம்பியது. நான் இடது பக்க முதல் சீட்டில் ஜன்னல் ஓரம் இருந்தேன். பள்ளிபாளையம் தாண்டி காவிரிப் பாலத்தில் ஏறினோம். ஆற்றில் நிறையத் தண்ணீர். கண்டக்டர் கந்தவேலு அண்ணன் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். பாலத்தின் நடுவில் வண்டி இடது பக்கம் சாயத் தொடங்கியது. குழி எதுவும் இல்லை, முந்துகிற வண்டியும் இல்லை. கைப்பிடிச் சுவர் என் ஜன்னலை நோக்கி மெதுவாக வந்தது. அவசரமே இல்லாமல், என்னைத் தெரிந்த ஆள் மாதிரி.

“அப்பா!”

என் பத்தாவது குரல் அது. எனக்கே முதல் தடவையாகக் கேட்கிறது.

பிரேக் போட்டார். பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்து விழுந்தார்கள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும், அவ்வளவுதான். கந்தவேலு அண்ணன் ஓடி வந்து, “ஏனுங்ண்ணா? என்னாச்சுங்?” என்றார்.

அப்பா ஸ்டியரிங்கை விடவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாதிப் பாலத்தைக் காணம்டா” என்றார் மெதுவாக. “வலது பக்கம் இருக்குது. இடது பக்கம் அப்படியே வெளுத்துப் போச்சு.”

சில நொடிகளில் பார்வை திரும்பிவிட்டது. ஆனால் ஓட்டவில்லை. பின்னால் வந்த பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றி அனுப்பினோம். ஒருத்தர் இறங்கிப் போகும்போது, “வெடிஞ்சும் வெடியாமயும் ஊத்திட்டு வந்துடறானுக” என்றார். அப்பா காதில் விழுந்தது.

செப்டம்பர் 13, சனி

ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு அதிகம் போனால் முப்பது வயது இருக்கும். அப்பாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். சீட்டு வந்தது.

“ஹீமோகுளோபின் இருபது புள்ளி ஒண்ணு” என்றார்.

“இருபதுங்களா!” அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்கெல்லாம் ஒம்பதைத் தாண்டுனதே இல்லீங்க டாக்டர்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “பதினாறு, பதினேழு வரைக்கும் சரிங்கம்மா. இருபதுன்னா ரத்தம் கூழ் மாதிரி ஆயிடும், ஓடாது. மூளைக்குப் போற வழியில அங்கங்க அடைக்கும். நேத்துப் பாலத்துல அதுதான் நடந்திருக்கு.” பிறகு அப்பாவைப் பார்த்தார். “நாப்பத்தேழு தடவை ரத்தம் குடுத்திருக்கீங்க. எந்த ரத்த வங்கியிலயும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லலையா?”

“இல்லீங்களே. யாரும் சொல்லலை.”

அறையில் ஒரு மின்விசிறி. மூன்று இறக்கை. ஒன்றில் மட்டும் ஒட்டடை.

ரத்தம் கொடுக்கக் கொடுக்க அப்பாவுக்குத் தலை லேசானது புண்ணியத்தால் இல்லையாம். கூழில் கொஞ்சம் குறைந்ததால். அப்படிக் குறைந்து குறைந்துதான் இத்தனை நாள் நோய் வெளியே தலைகாட்டாமல் இருந்திருக்கிறது.

உடனே ஒரு பை ரத்தம் எடுத்தார்கள். அதை யாருக்கும் ஏற்ற மாட்டார்கள், கொட்டிவிடுவார்கள் என்று தெரிந்ததும் அப்பா கேட்டது: “அப்ப இது நாப்பத்தெட்டாவது கணக்குல வராதுங்களா?”

முன்பு கொடுத்த பைகள் யார் யார் உடம்பில் போயினவோ. அதை யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

புது வார்த்தை ஒன்று கற்றுக்கொண்டேன். எரித்ரோபொய்ட்டின்.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீரகத்துக்கு நாம் நினைப்பது போல் மூத்திரம் பிரிக்கிற வேலை மட்டும் இல்லை. தன் வழியாக ஓடுகிற ரத்தத்தில் பிராணவாயு போதுமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் இந்த ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், ‘ஆள் பத்தலை, சிவப்பணு இன்னும் அனுப்பு’ என்று சொல்கிறது. மஜ்ஜை செய்து அனுப்புகிறது. போதுமானதும் சிறுநீரகம் ஆணையைக் குறைத்துக்கொள்கிறது.

“உங்கப்பாவுக்கு ரத்தம் இவ்வளவு இருக்கறப்ப இந்த ஹார்மோன் இருக்கற எடமே தெரியக் கூடாது. ஆனா ரொம்ப ஜாஸ்தி இருக்கு” என்றார்.

“அப்ப மஜ்ஜை மேல தப்பு இல்லீங்களா?”

“இல்லை. அது பாவம், வந்த உத்தரவை நம்பி வேலை செய்யுது. உத்தரவு போடறது யாருன்னுதான் பாக்கணும்.”

ஸ்கேனில் தெரிந்தது. இடது சிறுநீரகத்தின் மேல் முனையில் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு. கட்டி என்று அப்பாவிடம் சொன்னார். மற்றதை அம்மாவிடம் வராந்தாவில் சொன்னார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன்.

அந்தக் கட்டி சிறுநீரகத்தின் குரலில் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அச்சு அசலாக. மஜ்ஜைக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை. அந்த ஹார்மோனும் பெயரிலேயே ‘பொய்’யை வைத்துக்கொண்டு ஊரையே ஏமாற்றியிருக்கிறது. இன்னொரு நாளாக இருந்தால் இந்தச் சிலேடைக்கு அப்பாவிடம் எட்டு மார்க் கேட்டிருப்பேன்.

அப்பா மாத்திரை போட்டுத் தூங்கியபோது அவர் போனை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 5, காலை 11.40. ஈரோட்டு நம்பர். இரண்டு நிமிடம் பத்து நொடி. அதற்கு மேலே அதே நம்பர் இன்னும் நான்கு தடவை, பிளாக் செய்யப்பட்டது என்று.

அந்த போனுக்கும் டாக்டரம்மாவைப் பார்த்ததற்கும் நடுவே ஐந்து வாரம் நான்கு நாள்.

அக்டோபர் 8, புதன்

கோயமுத்தூர். நாளைக் காலை ஆபரேஷன். அம்மா பணம் கட்டப் போயிருந்த நேரத்தில், அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: அந்தப் பத்தரை மார்க் போன் என்னுடையது இல்லை.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை என்னிடமே நீட்டினார்.

“உங்கம்மாகிட்டச் சொல்லீராத” என்றார். “அவ தாங்க மாட்டா.”

“அப்பா...”

“போனை எடுத்தது நானு. பேசுனதும் நானு. போ அம்மிணி, அவளுக்குத் துணைக்கு நில்லு. லைன் நீளமா இருக்கும்.”

மார்க் எதுவும் போடவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

நான்கரை மணி நேரம். இடது சிறுநீரகத்தைக் கட்டியோடு எடுத்துவிட்டார்கள். அப்பா கண் திறந்தார். நாங்கள் யார் என்று தெரிகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா மருந்துக் கடை வரிசையில் நின்றாள். அறுவை செய்த பெரிய டாக்டர் சீட்டை என் கையில் கொடுத்தார், கேள்வி கேட்கிற பெண் நான்தான் என்பதால்.

“மாசம் ஒருக்கா ஹீமோகுளோபின் பாக்கணும். இனி அது எறங்கும். எறங்கட்டும், பயப்படாதீங்க. மறுபடி மெதுவா நார்மலுக்கு வந்து நிக்கணும். மத்தவங்களுக்குப் பதினாறு சரி, இவருக்குப் பதினஞ்சைத் தாண்டி ஏறுச்சுன்னா மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாம வந்துடணும்.”

“ஏறுனா என்னங் டாக்டர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த ஹார்மோனை வேற எங்கிருந்தோ போட ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்மா.”

அம்மா வந்ததும், “என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“மாசம் ஒருக்கா ரத்தம் பாக்கச் சொன்னாருங்மா.”

பொய் இல்லை. பாதிப் பாலம்.

நவம்பர் 15, சனி

ஹீமோகுளோபின் 11.4. அப்பா வெளுத்துவிட்டார். பார்க்க வருகிறவர்களெல்லாம் உச்சுக் கொட்டுகிறார்கள். தலைவலி இல்லை, ரைஸ்மில் இல்லை. எனக்கு இந்த வெளுப்பைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம் போலிருக்கிறது.

அம்மா ஆட்டு ஈரலும் மாதுளம்பழமுமாக வாங்கிக் குவிக்கிறாள். மாதுளம்பழத்தை அவளுக்குத் தெரியாமல் நான் தின்றுவிடுகிறேன். பழத்தால் அந்த எண் ஏறாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தின்கிறேன்.

டிசம்பர் 13, சனி

12.7.

ஜனவரி 17, சனி

13.9. பொங்கலுக்கு அப்பா கரும்பு கடித்தார். பெல்ட்டில் நான் போட்ட ஓட்டையை விட்டுப் பழைய ஓட்டைக்கு வந்துவிட்டார். அடுத்த மாதம் பதினாறாம் தேதி திங்கட்கிழமை முதல் வண்டிக்கு வரச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார்.

கந்தவேலு அண்ணன் வந்து, “நீங்க இல்லாம புதுசா ஒருத்தன் ஓட்டறானுங்ண்ணா, பஸ்ஸு கட்டை வண்டியாட்டம் போவுது” என்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிப்ரவரி 14, சனி

சீட்டை வாங்கப் போனது நான். லேப் வாசலிலேயே பிரித்தேன்.

16.3.

மடித்தேன். மறுபடி பிரித்தேன். ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் புள்ளி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். 

வீட்டில் அம்மா பிடுங்கிப் பார்த்தாள். “பதினாறு! ஏனுங்க, பதினாறுங்க! ரத்தம் திரும்பிருச்சு!” பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். பக்கத்து வீடு எதிர் வீட்டுக்குச் சொன்னது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். நான்கு மாதத்தில் இன்றுதான் அவள் மூச்சு முழுசாக வெளியே வந்தது.

அப்பா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “சரி” என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். கொடியில் துணியே இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அம்மா சேமியா பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். அப்பா காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். ‘ஒரு நாள்கூட’ என்றார் டாக்டர். இந்த ஒரு நாள் போய்விட்டது. பாயசம் இனிப்பாக இருந்தது, அதனால் வாந்தி எடுத்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

பிப்ரவரி 16, திங்கள்

ஏழு மணிக்கே வண்டி நிறைந்துவிட்டது. கந்தவேலு அண்ணன் முன் கண்ணாடிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். வழக்கமாக வருகிற பூக்காரம்மா, கோர்ட் குமாஸ்தா, தறிக்குப் போகிற பெண்கள் என்று எல்லாரும் அப்பாவிடம் நலம் கேட்டார்கள். “முன்னயவிட வயசு குறைஞ்சாப்புல இருக்கீங்ண்ணா!”

அப்பா ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். என்ஜினைப் போட்டார். கியரில் வைத்த அவர் கையைப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்திருந்தது.

நான் சீட்டிலிருந்து எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“அப்பா. பதினாறுங்கறது நல்லதில்லீங்ப்பா. பதினஞ்சைத் தாண்டுனா அன்னைக்கே வரச் சொன்னாரு டாக்டர். வேற எங்கியோ மறுபடி வந்திருக்குன்னு அர்த்தமாம். எனக்கு அக்டோபர்லயே தெரியும். நான் விளையாடலீங்ப்பா.”

என் சொந்தக் குரல்தான்.

அப்பா திரும்பவில்லை. மேலே இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“தெரியும் அம்மிணி.”

“தெரியுமா?”

“ரெண்டு வாரமா தலை கனக்குது. காதுல சத்தமும் வந்துருச்சு.” கண்ணாடியில் அவர் பார்வை என்னைத் தாண்டி, பின்னால் இருந்த தலைகள் மேல் போனது. “ஒரே ஒரு நடை, போய்ட்டு வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

கந்தவேலு அண்ணன் விசிலடித்தார். இரண்டு தடவை. “ரைட், ரைட்! ஏழேகால் ஆச்சுங்ண்ணா!”

அப்பா சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது. அதன் பிறகுதான் பேச்சுச் சத்தம் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தது. அதுவும் ஒவ்வொரு சீட்டாக அடங்கியது.

“கந்தவேலு, அந்தப் புதுப் பையனைக் கூப்பிடு” என்றார். “ஏனுங் எல்லாரும், ஒரு அஞ்சு நிமிசம் மன்னிச்சுக்கங்க.” கதவைத் திறந்து, பழக்கப்படாத ஆள் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னது அப்பாதான். நான் வாசலில் நின்றேன். அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம்கூட வரவில்லை.

இதை எழுதுவது கோயமுத்தூர் போகிற பஸ்ஸில். அம்மா நடுவில், கண்ணை மூடியிருக்கிறாள். நான் இந்தப் பக்கம். அப்பா ஜன்னல் ஓரம், மடியில் பழைய சீட்டெல்லாம் போட்ட மஞ்சப்பை. இந்த டிரைவர் வேகமாக ஓட்டுகிறார். முன்னால் ஏதாவது வண்டி குறுக்கே வரும்போதெல்லாம் அப்பாவின் வலது கால் தரையை அழுத்துகிறது. அங்கே பிரேக் இல்லை.